நீக்கிய தமிழ் மொழிக்கோப்புகளை லினக்ஸ் கைத்தொலைபேசியில் மீட்பது எப்படி?

தெம்பனிஸ்வாசி | வெள்ளிக்கிழமை, இரவு 10.20

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் மோபியன் (டெபியன் லினக்ஸின் கைத்தொலைபேசி வடிவம்) இயங்கும் பைன்போன் என்ற கைத்தொலைபேசி ஒன்று இருக்கிறது. 16 ஜிபி உள்நினைவகமும் 2 ஜிபி ரேமும் கொண்ட வகை அது. சென்ற வாரம் இடம் நிறைந்து, புதிய செயலி எதையும் நிறுவ முடியாத நிலை வந்தது. வேண்டாத மொழிகளின் கோப்புகளை அழித்தால் இடம் கிடைக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, லொக்கேல்பர்ஜ் என்ற கருவியை நிறுவி, ஆங்கிலம் மட்டும் போதும் என்று தேர்ந்தெடுத்தேன். அத்தோடு நின்றிருக்கலாம். அது விட்டுவைத்தவற்றையும் துடைத்துவிடலாம் என்ற ஆர்வத்தில் /யூஎஸ்ஆர்/லிப்/லொக்கேல், /யூஎஸ்ஆர்/ஷேர்/ஐ18என் என்ற இரண்டு அடைவுகளையும் என் கையாலேயே நீக்கினேன். (ஆணைகளையும் பாதைகளையும் ஒலிப்பின்படி தமிழிலேயே எழுதுகிறேன்.)

இப்போது தமிழில் இருந்த பட்டிகள் அனைத்தும் ஆங்கிலமாகிவிட்டன. மடிக்கணினியிலிருந்து ஆணையிட உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைந்தால், எந்த ஆணையைக் கொடுத்தாலும் லொக்கேலை (மொழி, நாடு பற்றிய அமைவை) அமைக்க முடியவில்லை என்ற எச்சரிக்கை முதலில் வருகிறது. என்னை உண்மையில் கலங்கவைத்தது வேறொன்று. அம்மா சமையல் குறிப்புகளைச் சொல்லச் சொல்ல ஒலிப்பதிவு செய்து, தமிழிலேயே பெயரிட்டு அதில் வைத்திருந்தேன். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் ஆணை கொடுத்தால் அந்தப் பெயர்கள் இருந்த இடத்தில் 340, 256, 205 என்று எண்கள் வரிசையாக நிற்கின்றன. கோப்புகளே சிதைந்துவிட்டனவா? ஓரிரு செயலிகளை மறுநிறுவல் செய்து பார்த்தேன். பிழை ஏதும் காட்டாமல் முடிந்தது, ஆனால் தமிழ் திரும்பவில்லை.

கோப்பி-ஓ | வெள்ளிக்கிழமை, இரவு 10.48

ஒலிப்பதிவுகளை மடிக்கணினிக்கு நகலெடுத்துவிட்டு, மோபியனை முதலிலிருந்து பதிந்துவிடுங்கள். எதை அழித்தோம், எதை விட்டோம் என்று தேடும் நேரத்தில் புதிதாகவே பதிந்து முடித்துவிடலாம். நான் இதுவரை மூன்று முறை அப்படித்தான் செய்திருக்கிறேன்.

பழைய முனையம் | வெள்ளிக்கிழமை, இரவு 11.35

மூன்று முறை பதிய நேர்ந்தது ஏன் என்பதைத் தனி இழையில் பேசுவோம், தம்பி. இங்கே அது தேவைப்படாது.

தெம்பனிஸ்வாசி, முதலில் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அவற்றை எட்டடிமான எண்களாக எழுதினால் முதல் பைட்டு எப்போதும் 340. இரண்டாவது 256 அல்லது 257. ‘அம்மா’ என்று தொடங்கும் பெயரில் அகரம் 340 256 205 ஆகவும், மகரம் 340 256 256 ஆகவும், அதன்மேல் உள்ள புள்ளி 340 257 215 ஆகவும் தெரியும். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று எண்களும் பழுதில்லாத ஓர் ‘அ’. கைத்தொலைபேசியில் யூடிஎஃப்-8 லொக்கேல் எதுவும் எஞ்சாததால், எல்எஸ் நிரல் ‘சி’ எனப்படும் வெறும் லொக்கேலுக்கு இறங்கிவிட்டது. அதற்கு ஆஸ்கி எழுத்துகளுக்கு அப்பால் எதையும் காட்டத் தெரியாது. ஆகவே கண்ட பைட்டை எண்ணாகவே ஒப்பிக்கிறது.

இத்தகைய சிக்கலில் நோயின் முகத்தைப் பார்த்தே எந்தக் கோப்பு போனது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். எழுத்துக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால் போனது எழுத்துரு. நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவினால் தீர்ந்தது. முனையத்தில் எண்களோ கேள்விக்குறிகளோ தெரிந்தால் போனது ஜிலிப்சி என்ற அடிப்படை நிரலகத்தின் லொக்கேல் தரவு. பட்டிகள் மட்டும் ஆங்கிலமானால், ஒவ்வொரு செயலியும் தன் மொழிபெயர்ப்பை வைத்திருக்கும் எம்ஓ கோப்புகள் போயிருக்கலாம். அல்லது அவை பத்திரமாக இருந்தும் லொக்கேல் ‘சி’ ஆகிவிட்டதால், மொழிபெயர்ப்பை எடுத்துத் தரும் கெட்டெக்ஸ்ட் அவற்றைத் தேடவே முயலாமல் இருக்கலாம். உங்களுக்கு இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். கைத்தொலைபேசியின் கோப்பு மேலாளரைத் திறந்தால் அந்தப் பெயர்கள் தமிழில் தெரிகின்றனவா? எங்காவது கட்டங்கள் தெரிகின்றனவா? /இடிசி/டிபிகேஜி/டிபிகேஜி.சிஎஃப்ஜி.டி என்ற அடைவுக்குள் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன?

தெம்பனிஸ்வாசி | சனிக்கிழமை, காலை 8.05

மிக்க நன்றி, ஐயா. கோப்பு மேலாளரில் எல்லாப் பெயர்களும் அழகாகத் தமிழில் இருக்கின்றன. ‘அம்மா-மீன்குழம்பு’ என்பதைப் பார்த்த பிறகுதான் இரவு தூக்கம் வந்தது. கட்டங்கள் எங்கும் இல்லை. நீங்கள் சொன்ன அடைவில் ‘50லொக்கேல்பர்ஜ்’ என்ற கோப்பு இருக்கிறது. அதற்குள் பாத்-எக்ஸ்க்ளூட் என்று தொடங்கும் வரியும், ஆங்கிலத்துக்கு மட்டும் பாத்-இன்க்ளூட் என்ற வரிகளும் உள்ளன.

பழைய முனையம் | சனிக்கிழமை, காலை 9.10

மறுநிறுவல் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு விடை அந்தக் கோப்புதான். லொக்கேல்பர்ஜ் இருந்த கோப்புகளை அழித்ததோடு நிற்கவில்லை. இனிமேல் எந்தச் செயலித் தொகுப்பைப் பிரித்தாலும் /யூஎஸ்ஆர்/ஷேர்/லொக்கேல் அடைவுக்குள் ஆங்கிலம் தவிர வேறெதையும் வைக்காதே என்று, தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜிக்கு ஒரு நிலையான கட்டளையையும் எழுதிவைத்துவிட்டது. நீங்கள் நூறு முறை மறுநிறுவல் செய்தாலும் டிபிகேஜி தொகுப்பைப் பிரிக்கும், தமிழ்க் கோப்பைக் காணும், விதியைப் பார்க்கும், ஓசையில்லாமல் தாண்டிப் போகும். அதன் கணக்கில் அது தவறே இல்லை என்பதால் பிழைச்செய்தியும் வராது. கோப்பை அழித்ததைவிட இந்த விதியை மறந்ததால்தான் பலர் கடைசியில் கோப்பி-ஓ சொன்ன வழிக்குப் போய்ச் சேருகிறார்கள்.

ஆகவே முதல் வேலை, லொக்கேல்பர்ஜைப் பர்ஜ் செய்வது. ரிமூவ் என்றால் அமைவுக் கோப்புகள் தங்கிவிடக்கூடும்; பர்ஜ் என்றே கொடுங்கள். பிறகு அந்த அடைவில் 50லொக்கேல்பர்ஜ் உண்மையிலேயே போய்விட்டதா என்று கண்ணால் பாருங்கள்.

இரண்டாவது, எவை குறைகின்றன என்று கணக்கெடுப்பது. டிபிகேஜி தான் நிறுவிய ஒவ்வொரு கோப்பின் பெயரையும் /வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோ அடைவில் பட்டியலாக வைத்திருக்கிறது. நீங்கள் கோப்பை அழித்தாலும் பட்டியல் அழியாது. டிபிகேஜி --வெரிஃபை என்று கொடுத்தால் பட்டியலில் இருந்தும் வட்டில் இல்லாத ஒவ்வொன்றையும் ‘மிஸ்ஸிங்’ என்று வரிவரியாகச் சொல்லும். அதே பட்டியலைக் கொண்டு, டிபிகேஜி -எஸ் ஆணையில் எல்சி_மெசேஜஸ் என்ற சொல்லைத் தேடினால், மொழிபெயர்ப்புக் கோப்பு வைத்திருக்கும் தொகுப்புகள் அனைத்தின் பெயர்களும் கிடைக்கும். முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பதை மட்டும் வெட்டியெடுத்து, ஒரே பெயர் பல முறை வருவதை நீக்கி, அந்தப் பட்டியலை அப்படியே ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் ஆணைக்குக் கொடுங்கள்.

இவற்றைச் செய்யும்போது ஒவ்வோர் ஆணைக்கும் முன்னால் எல்சி_ஆல்=சி என்று சேர்த்துக்கொண்டால் எச்சரிக்கைகளின் இரைச்சல் அடங்கும். அது அந்த நேரத்துக்கு மட்டும். எந்த அமைவுக் கோப்பிலும் அதை எழுதிவைக்காதீர்கள்.

செங்காங் அக்கா | சனிக்கிழமை, காலை 10.02

ஒரு குறுக்கீடு. இடம் நிறைந்ததால்தான் இந்தக் கதையே தொடங்கியது. மறுநிறுவலின்போது ஆப்ட் எல்லாத் தொகுப்புகளையும் முதலில் /வார்/கேஷ்/ஆப்ட் அடைவில் இறக்கிவைத்துவிட்டுத்தான் பிரிக்கத் தொடங்கும். பாதி வழியில் வட்டு நிறைந்தால், தமிழ் போன கைத்தொலைபேசி எழும்பாத கைத்தொலைபேசியாகிவிடும். ஆகவே முதலில் ஆப்ட் க்ளீன் கொடுங்கள். ஜர்னல்சிடிஎல் ஆணையில் வேக்யூம்-சைஸ் வைத்து பழைய பதிவுகளைக் குறையுங்கள். ஃபிளாட்பேக் (டெபியன் தொகுப்புகளைச் சாராத தனி நிறுவல் முறை) செயலிகள் வைத்திருந்தால், அன்இன்ஸ்டால் --அன்யூஸ்ட் கொடுத்துப் பாருங்கள்; யாரும் பயன்படுத்தாத பழைய தளங்கள் அங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மொழிக்கோப்புகளை அழித்துச் சேர்த்த இடத்தைவிட இங்கே அதிகம் கிடைக்கும் என்பது என் அனுபவம்.

இன்னொன்று: கை வைப்பதற்கு முன் முழு நகல் எடுங்கள். பைன்போன், மைக்ரோஎஸ்டி அட்டை இருந்தால் அதிலிருந்துதான் முதலில் எழும்பும். ஜம்ப்டிரைவ் என்ற சிறிய பிம்பத்தை ஓர் அட்டையில் எழுதிச் செருகி, யூஎஸ்பி கம்பியால் மடிக்கணினியில் இணைத்தால், உள்நினைவகம் முழுவதும் ஒரு சாதாரண வட்டுபோலத் தெரியும். டிடி ஆணையால் அப்படியே நகலெடுத்து வைத்துவிடலாம். அட்டை இல்லையென்றால் சிம் லிம் ஸ்குவேருக்கு ஒரு நடை போய்வாருங்கள். சில வெள்ளியைப் பார்த்து அம்மாவின் குரலைப் பணயம் வைக்க வேண்டாம்.

தெம்பனிஸ்வாசி | சனிக்கிழமை, மாலை 5.40

அக்கா சொன்னபடி முழு நகல் எடுத்துவிட்டேன். ஃபிளாட்பேக் மூட்டைகளை அகற்றியபோது கிடைத்த இடத்தைக் கண்டு, இந்த வேலையைப் போன வாரமே செய்திருக்கலாமே என்று நொந்துகொண்டேன். லொக்கேல்பர்ஜைப் பர்ஜ் செய்தேன், விதிக்கோப்பும் போயிற்று. வெரிஃபை கொடுத்தபோது ‘மிஸ்ஸிங்’ வரிகள் திரையில் ஓடிக்கொண்டே இருந்தன. பட்டியலை மூன்றாகப் பிரித்து மறுநிறுவல் செய்தேன். இப்போது தமிழுக்குரிய /யூஎஸ்ஆர்/ஷேர்/லொக்கேல்/டிஏ அடைவு நிறைந்திருக்கிறது.

ஆனால் பட்டிகள் இன்னும் ஆங்கிலம்தான். லொக்கேலை உருவாக்கும் லொக்கேல்-ஜென் ஆணை கொடுத்தால், டிஏ_ஐஎன் (இந்தியத் தமிழ்) என்ற வரையறைக் கோப்பைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை என்கிறது.

பழைய முனையம் | சனிக்கிழமை, மாலை 6.25

எதிர்பார்த்திருக்க வேண்டும், முன்பே சொல்லாதது என் பிழை. எல்சி_மெசேஜஸ் என்று தேடிய வலையில் மொழிபெயர்ப்பு உள்ள தொகுப்புகள் மட்டுமே விழும். நீங்கள் கையால் நீக்கிய இரண்டு அடைவுகளுக்கும் அதோடு தொடர்பில்லை. ஐ18என் அடைவில் இருப்பவை லொக்கேலைச் சமைப்பதற்கான மூலங்கள்: எந்த மொழியில் கிழமைகளுக்கு என்ன பெயர், எழுத்துகளின் அகர வரிசை என்ன, நாணயக் குறி எது என்று சாதாரண உரையாக எழுதிய கோப்புகள். அவை லொக்கேல்ஸ் என்ற தொகுப்பைச் சேர்ந்தவை. அவற்றை லொக்கேல்-ஜென் சமைத்து, /யூஎஸ்ஆர்/லிப்/லொக்கேல் அடைவில் லொக்கேல்-ஆர்க்கைவ் என்ற ஒரே இரும வடிவக் கோப்பாக வைக்கிறது. அந்தச் சமைத்த கோப்பு எந்தத் தொகுப்பிலும் இல்லை. உங்கள் கருவியிலேயே உருவாவது. அதை எங்கிருந்தும் இறக்க முடியாது, மறுபடியும் சமைக்கத்தான் வேண்டும். அதே அடைவில் இருந்த சி.யூடிஎஃப்8 மட்டும் லிப்சி-பின் தொகுப்போடு வருவது.

ஆகவே லொக்கேல்ஸ், லிப்சி-பின் இரண்டையும் மறுநிறுவல் செய்யுங்கள். /இடிசி/லொக்கேல்.ஜென் கோப்பில் டிஏ_ஐஎன், இஎன்_எஸ்ஜி.யூடிஎஃப்-8 ஆகிய இரண்டு வரிகளின் முன்னால் உள்ள எண்குறியை (#) நீக்கிவிட்டு லொக்கேல்-ஜென் கொடுங்கள். எல்லா லொக்கேல்களையும் சமைத்தே தரும் லொக்கேல்ஸ்-ஆல் என்ற தொகுப்பும் இருக்கிறது. இடம் போதாத கருவியில் அதைத் தொடவேண்டாம்.

இஎன்_எஸ்ஜியை ஏன் சேர்க்கச் சொல்கிறேன் என்றால், டெபியனையோ உபுண்டுவையோ ஆங்கிலத்தில் நிறுவி, இடம் சிங்கப்பூர் என்று தேர்ந்தெடுத்தால் மடிக்கணினிக்கு அமையும் லொக்கேல் அதுதான். எஸ்எஸ்எச் வழியாக நுழையும்போது உங்கள் மடிக்கணினி தன் லொக்கேலின் பெயரையும் கூடவே அனுப்புகிறது. கைத்தொலைபேசியில் அது இல்லையென்றால், அங்கே தமிழ் சரியாக இருந்தாலும் அதே எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருக்கும். சரிசெய்த பிறகும் சரியாகவில்லை என்று ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

சிராங்கூன் சாலை | சனிக்கிழமை, இரவு 8.15

பழைய நினைவொன்று. 2009-இல் வந்த நோக்கியா என்900 கைத்தொலைபேசியை நான் பல ஆண்டுகள் வைத்திருந்தேன். படங்களுக்கும் பாட்டுகளுக்கும் 32 ஜிபி இருந்தது. மாயெமோ இயங்குதளம் தங்கும் வேர்ப்பகுதிக்கோ வெறும் 256 எம்பி. நாலு செயலி நிறுவினால் வேர் நிறைந்துவிடும். ஆகவே மொழிக்கோப்புகளை அழிப்பது அப்போது பலருக்கும் வழக்கமாக இருந்தது. நானும் அழித்தேன், ஆங்கிலம் உட்பட. மொழிபெயர்ப்பு இல்லையென்றால் மூல ஆங்கிலம் தெரியும் என்ற நம்பிக்கையில்.

மாயெமோவில் மூலம் ஆங்கிலமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நிரலுக்குள் இருந்தவை குறியீட்டுப் பெயர்கள். ஆங்கிலமும் அவற்றுக்கு ஒரு மொழிபெயர்ப்புதான். மறுபடி இயக்கியபோது ‘முடிந்தது’ என்ற பொத்தான் இருந்த இடத்தில் ‘டபிள்யூடிஜிடி அடிக்கோடு பிடி அடிக்கோடு டன்’ என்று நின்றது. பொத்தான்களின் இடத்தை நினைவில் வைத்து ஒரு வாரம் ஓட்டினேன். கடைசியில் ஃபிளாஷர் கொண்டு முழுவதையும் புதிதாக ஏற்றினேன். தெம்பனிஸ்வாசிக்கு ஆங்கிலமாவது மிஞ்சியது.

கோப்பி-ஓ | சனிக்கிழமை, இரவு 9.30

ஒரு கேள்வி. இணையமே இல்லாத இடத்தில் இப்படி நேர்ந்தால், டெபியன் இயங்கும் மடிக்கணினியிலிருந்து டிஏ அடைவை அப்படியே நகலெடுத்து வைக்கக் கூடாதா? மையச் செயலகத்தின் (சிபியு) அமைப்பு வேறுபடுமே என்று தயக்கம். போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ், செயில்ஃபிஷ் போன்ற வேறு கைத்தொலைபேசி இயங்குதளங்கள் வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதானா?

பழைய முனையம் | சனிக்கிழமை, இரவு 10.10

நல்ல கேள்வி. எம்ஓ கோப்புகள் எந்தச் செயலகத்துக்கும் கட்டுப்பட்டவை அல்ல. இன்டெல் மடிக்கணினியில் உள்ளதை ஆர்ம் கைத்தொலைபேசியில் தாராளமாக வைக்கலாம். பதிப்பு சற்று வேறுபட்டால் சில சொற்றொடர்கள் மட்டும் ஆங்கிலத்தில் நிற்கும், அவ்வளவுதான். ஆனால் லொக்கேல்-ஆர்க்கைவை அப்படி நகலெடுக்காதீர்கள். அது ஜிலிப்சியின் பதிப்போடு பிணைந்தது. கருவியிலேயே சமைப்பதுதான் பாதுகாப்பு.

போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் ஆல்பைன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. அங்கே ஜிலிப்சி கிடையாது, மஸ்ல் தான். அதற்கு லொக்கேல்-ஆர்க்கைவ் என்ற ஒன்றே இல்லை. எப்போதும் யூடிஎஃப்-8 என்பதால் இந்த 340-உம் 256-உம் அங்கே தலைகாட்டா. மொழிபெயர்ப்புகள் ‘லாங்’ என்று முடியும் துணைத்தொகுப்புகளில் வருகின்றன. ஏபிகே ஆட் லாங் கொடுத்தால் நிறுவியுள்ளவற்றுக்கு உரியவை தொடர்ந்து வரும். அழித்தவற்றை ஏபிகே ஃபிக்ஸ் மீட்கும். செயில்ஃபிஷில் தொகுப்புகளை நிறுவுவது ஆர்பிஎம்; ஆர்பிஎம் -விஏ கொடுத்தால் குறைபவை தெரியும். அங்கும் விதி ஒன்று ஒளிந்திருக்கலாம்: ஆர்பிஎம் மேக்ரோக்களில் _இன்ஸ்டால்_லாங்ஸ் என்ற வரியில் உங்கள் மொழி இல்லையென்றால், மறுநிறுவல் இதேபோல ஓசையின்றிப் பொய்க்கும்.

தெம்பனிஸ்வாசி | ஞாயிற்றுக்கிழமை, காலை 11.20

தமிழ் வந்துவிட்டது! மறுபடி இயக்கியதும் பூட்டுத் திரையிலேயே ‘ஞாயிறு’ என்று நின்றது. எல்எஸ் கொடுத்தால் மீன்குழம்பு மீன்குழம்பாகவே தெரிகிறது. எச்சரிக்கைகளும் ஓய்ந்தன.

இரண்டு குறைகள் மட்டும் எஞ்சியுள்ளன. ஃபிளாட்பேக் வழியாக நிறுவிய செயலிகள் இன்னும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. மேலும், வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும் செயலியில் தேக்கா சந்தையில் வாங்கிய காய்கறிக்கெல்லாம் ரூபாய்க் குறி விழுகிறது.

செங்காங் அக்கா | ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 1.05

ஃபிளாட்பேக் தனிக் குடித்தனம். அது தன் மொழிகளைத் தானே வைத்துக்கொள்கிறது. டிபிகேஜி மீட்டது அதற்குத் தெரியாது. ஃபிளாட்பேக் கான்ஃபிக் ஆணையில் லாங்குவேஜஸ் என்பதற்கு டிஏ, இஎன் இரண்டையும் அரைப்புள்ளியால் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஃபிளாட்பேக் அப்டேட் செய்யுங்கள். மொழி நீட்சிகளை இறக்கிக்கொள்ளும்.

ரூபாய் விஷயம் நம் ஊர்க்காரர்களின் பழைய மனக்குறை. ஜிலிப்சியில் தமிழுக்கு இரண்டே லொக்கேல்கள் உள்ளன: இந்தியாவுக்கு டிஏ_ஐஎன், இலங்கைக்கு டிஏ_எல்கே. சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும் எஸ்ஜி உண்டு. தமிழுக்கும் மலாய்க்கும் இல்லை. இத்தனைக்கும் யூனிகோட் அமைப்பின் சிஎல்டிஆர் என்ற மொழி-நாட்டுத் தரவில் டிஏ_எஸ்ஜி இருக்கிறது. தமிழ்க் கணிமைக்கான தமிழ்நெட் மாநாடு 1997-இல் நடந்ததே இந்த ஊரில்தான் என்பதை எண்ணும்போது இந்த வெற்றிடம் சற்று உறுத்துகிறது.

எளிய வழி, லாங் என்பதை டிஏ_ஐஎன் ஆக வைத்துக்கொண்டு, எல்சி_மானிட்டரி, எல்சி_டெலிபோன், எல்சி_பேப்பர் ஆகியவற்றை மட்டும் இஎன்_எஸ்ஜி.யூடிஎஃப்-8 என்று அப்டேட்-லொக்கேல் ஆணையால் மாற்றுவது. எல்சி_ஆல் எங்காவது எழுதியிருந்தால் அது இவை அனைத்தையும் அமுக்கிவிடும் என்பதால்தான் ஐயா அன்றே எச்சரித்தார்.

ஆர்வம் இருந்தால் சொந்தமாக ஒரு டிஏ_எஸ்ஜியே எழுதிக்கொள்ளலாம். /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/ஐ18என்/லொக்கேல்ஸ் அடைவில் வைக்கும் வரையறைகளை டெபியனின் லொக்கேல்-ஜென் ஏற்றுக்கொள்கிறது. நாணயம், தொலைபேசி, தாள் ஆகிய பிரிவுகளில் ‘காப்பி’ என்று எழுதி இஎன்_எஸ்ஜியைக் காட்டுங்கள். மற்றப் பிரிவுகளுக்கு டிஏ_ஐஎன். மொழிபெயர்ப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். டிஏ_எஸ்ஜி என்ற அடைவைக் காணாவிட்டால் கெட்டெக்ஸ்ட் வெறும் டிஏ அடைவுக்குப் போய் எடுத்துக்கொள்ளும்.

தெம்பனிஸ்வாசி | ஞாயிற்றுக்கிழமை, இரவு 9.50

எழுதிவிட்டேன், அக்கா. முதல் முறை ஒரு பிரிவின் ‘எண்ட்’ வரியை விட்டுவிட்டதால் லொக்கேல்-ஜென் திட்டியது. இரண்டாம் முறை ஏற்றுக்கொண்டது. லொக்கேல் ஆணையிடம் நாணயக் குறியைக் கேட்டால் டாலர் குறியையும், பன்னாட்டுக் குறியைக் கேட்டால் எஸ்ஜிடி என்பதையும் சொல்கிறது. தேதி ஆணை ‘ஞாயிறு’ என்கிறது. கத்தரிக்காய் 2 வெள்ளி 40 காசு என்று கணக்கிலும் ஒழுங்காக விழுகிறது. வரையறைக் கோப்பை இந்த இழையிலேயே இணைத்திருக்கிறேன். தாள் அளவுப் பிரிவை யாராவது சரிபார்த்துச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

கோப்பி-ஓ | ஞாயிற்றுக்கிழமை, இரவு 10.15

இறக்கிக்கொண்டேன். தாள் ஏ4 தான், சரியாக இருக்கிறது. தொலைபேசிப் பிரிவில் மட்டும் ‘எண்ட்’ என்பதற்குப் பின்னால் தேவையில்லாத இடைவெளி ஒன்று தொங்குகிறது.